சீசனுக்கு முன் கால்களை அளப்பது: மலைக் கிரவுண்டு அணிகளுக்கு

இருபது பேர் கொண்ட கால்பந்து அணியின் கால்களைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு இன்ச் டேப், ஒரு ரோல் மாஸ்கிங் டேப், முள் சுற்றும் பழைய பிபி கருவி, செல்போன், கோடு போட்ட நோட்டு, அதில் எழுத ஓர் ஆள். இவ்வளவும் இருந்து, சோதிக்க இரண்டு பேர் நின்றால் ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடலாம். சோதனை எளிது. வந்த எண்ணை வைத்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்பதில்தான் கோச்சுகள் சறுக்குகிறார்கள். அதனால் அதிலிருந்தே தொடங்குவோம்.

எண் எதைச் சொல்லும்

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். அணியில் 20 பேர். தொடைப் பின்தசைச் சோதனையில் 7 பேர் குறைவாக வந்தார்கள், 13 பேர் தேறினார்கள். சீசன் முடிவில் மொத்தம் 5 பேருக்கு அந்தத் தசையில் காயம்: குறைவாக வந்த 7 பேரில் 3, தேறிய 13 பேரில் 2. விழுக்காட்டில் பார்த்தால் 43-க்கு 15. குறைவாக வந்தவர்களுக்கு ஆபத்து கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆய்வுக்கட்டுரையாக எழுதினால் நல்ல முடிவு.

இப்போது அதே பட்டியலை வைத்து அந்த 7 பேரையும் பெஞ்சில் உட்கார வைத்திருந்தால்? காயமே வராத 4 பேர் வீணாக உட்கார்ந்திருப்பார்கள். காயம்பட்ட 5 பேரில் 2 பேர் 'தேறியவர்' பட்டியலில் இருந்ததால் கண்ணிலேயே பட்டிருக்க மாட்டார்கள். நார்வே விளையாட்டு மருத்துவர் ரோல்ட் பார் 2016-இல் வலியுறுத்தியதும் இதைத்தான்: காயம்பட்டவர்களின் எண்களும் படாதவர்களின் எண்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன, நடுவில் கோடு கிழிக்க இடமே இல்லை.

ஆக, 'இவனுக்குக் கால் போகும்' என்று எந்தச் சோதனையும் பெயர் சொல்லிக் காட்டாது. சோதனையால் கிடைப்பவை இரண்டு. ஒவ்வொருவருக்கும் எந்த மூட்டு இறுக்கம், எந்தத் தசை பலவீனம் என்று தெரிகிறது. பயிற்சியை அங்கே கூட்டலாம். இரண்டாவது, நல்ல நிலையில் இருக்கும்போது அந்தக் கால் காட்டிய எண் நோட்டில் இருக்கிறது; அடிபட்டுத் திரும்பி வரும்போது ஒப்பிட அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. இரண்டாவதற்காக மட்டுமே சோதித்தாலும் நேரம் வீண் இல்லை.

ஏழு அசைவுகளுக்கு 21 மதிப்பெண் போடும் எஃப்எம்எஸ் முறையைப் பலர் கேட்கிறார்கள். 14-ம் அதற்குக் கீழும் ஆபத்து என்ற வரம்பு 2007-இல் அமெரிக்கன் ஃபுட்பால் (நாம் ஆடும் கால்பந்து அல்ல) தொழில்முறை ஆட்டக்காரர்களிடம் எடுத்த அளவிலிருந்து வந்தது. பின்னால் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் மொத்த மதிப்பெண் காயத்தைச் சரியாக முன்கூட்டிச் சொல்லவில்லை. நேரம் மிச்சம் இருந்தாலும் இதை விட்டுவிடலாம்.

முதல் சோதனை பேனாவில்

அளவெடுக்கும் எந்தச் சோதனையையும்விட அதிகம் சொல்லும் கேள்வி: முன்பு எந்தக் கால், எந்த இடம்? தொடைப் பின்தசை, கவட்டை, கணுக்கால் மூன்றுக்கும் பழைய காயமே புதிய காயத்தின் பெரிய அடையாளம். பின்தசைக்கு வயதும் சேரும்.

'காயம் இருக்கா?' என்று கேட்டால் 'ஒன்னுமில்ல சார், லேசான வலிதான்' என்றுதான் பதில் வரும். டீமில் இடம் போய்விடும் என்ற பயம். 'போன வருஷம் எத்தனை நாள் பிராக்டிஸுக்கு வரல?' என்று கேளுங்கள். 1 முதல் 3 நாள், 4 முதல் 7, 8 முதல் 28, 28-க்கு மேல் என்று நான்கு கட்டங்களில் ஒன்றில் டிக் போடுங்கள். கடைசி இரண்டு கட்டங்களில் விழுந்தவர்களின் பெயரை வட்டமிடுங்கள். சோதனையில் அவர்களுக்கு எந்த எண் வந்தாலும் அந்த வட்டத்தை அழிக்கக்கூடாது.

மலையில் இன்னும் இரண்டு கேள்வி சேர்க்க வேண்டும். என்ன வேலை செய்கிறார்? தேயிலை மூட்டை சுமந்து சரிவில் இறங்குகிறவரின் தொடையும் கெண்டைக்காலும் பயிற்சிக்கு வரும் முன்பே பாதி நாள் உழைத்துவிட்டன. இறக்கத்தில் தசை நீண்டபடி சுமை தாங்குவதால் வலி மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் தெரியும். வேறு டீமுக்கும் ஆடுகிறாரா? கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆடிவிட்டுத் திங்களன்று சோதனைக்கு வந்து நிற்பவரின் எண்ணில் சோர்வு மட்டும்தான் இருக்கும். சோதனைக்கு முன் 48 மணி நேரம் மேட்ச், கடுமையான ஓட்டம் எதுவும் கூடாது.

13 முதல் 15 வயதுப் பையன்களுக்கு உயரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். திடீரென்று வளரும் மாதங்களில் முழங்கால் சில்லுக்குக் கீழே புடைப்பும் வலியும், குதிகால் பின்புறம் வலியும் வரும். அப்போது தாவல் சோதனைகளைத் தள்ளிப்போடுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் வாங்கிய பிறகே சோதனை. மூட்டு வீங்கியிருப்பவர், நொண்டுபவர், முழங்கால் பூட்டிக்கொள்வதாகவோ நழுவுவதாகவோ சொல்பவர் நேராக டாக்டரிடம் போகட்டும்.

இடமும் பொழுதும்

இங்கே பல கிரவுண்டுகள் மலையை வெட்டி மட்டப்படுத்தியவை. கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் தண்ணீர் வழிய ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சாய்வில் தாவ விட்டால் ஒரு காலுக்குச் சாதகம், இன்னொரு காலுக்குப் பாதகம். இல்லாத வித்தியாசம் நோட்டில் ஏறும். ஒரு பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்துப் பாருங்கள், ஓடும் திசை தெரிந்துவிடும். கால் சோதனைகளைப் பள்ளி ஹாலின் சிமெண்ட் தரையிலோ இண்டோர் ஷட்டில் கோர்ட்டிலோ வைத்துக்கொண்டு, ஓட்டத்தை மட்டும் கிரவுண்டில் வையுங்கள்.

குளிர் அடுத்த சிக்கல். காலை ஏழு மணிக்கு ஊட்டியில் எடுத்த கணுக்கால் அளவும் பதினோரு மணிக்கு எடுத்ததும் ஒன்றாக இருக்காது. எல்லோருக்கும் ஒரே நேரம், ஒரே வார்ம்-அப்: 5 நிமிடம் மெல்லோட்டம், 5 நிமிடம் கால் வீச்சு, ஒரு காலை முன்வைத்து முழங்கால் மடக்கி இறங்கும் லஞ்ச், கடைசியில் இரண்டு கால்களிலும் நான்கைந்து குதி. தன் முறை வரும்வரை ஸ்வெட்டரும் டிராக்கும் மேலேயே இருக்கட்டும். பட்டியலில் இருபதாவது ஆள் அரைமணி நேரம் சிமெண்ட் தரையில் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் அவர் செய்த வார்ம்-அப் கணக்கில் சேராது. ஐந்தைந்து பேராகக் கூப்பிடுங்கள்.

வரிசையை மாற்ற வேண்டாம்: மூட்டு அளவு, நிலைப்பு, கவட்டை, தாவல், பின்தசையும் கெண்டையும், ஓட்டம். களைக்க வைப்பவை பின்னால் வர வேண்டும்.

முழங்காலைச் சுவரில் தொடுவது

சுவருக்குச் செங்குத்தாகத் தரையில் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, சுவரிலிருந்து செ.மீ. குறியுங்கள். வெறுங்கால். பெருவிரலும் குதிகாலின் நடுவும் கோட்டின் மேல். குதிகால் தூக்காமல் முழங்கால் சுவரைத் தொட வேண்டும். தொட்டால் ஒரு செ.மீ. பின்னால் போகட்டும். தொட முடிந்த கடைசி இடத்தில் பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரமே அளவு. ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை.

குதிகால் எழுந்ததா என்று கண்ணால் பிடிப்பது கஷ்டம். அடியில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து லேசாக இழுத்துக்கொண்டே இருங்கள். உருவி வந்தால் அந்த முயற்சி செல்லாது. பாதத்தை வெளிப்பக்கம் திருப்பியும் உள்வளைவைச் சரியவிட்டும் இரண்டு செ.மீ. திருடலாம். முழங்கால் இரண்டாம் விரலுக்கு நேராகப் போகிறதா என்று முன்னால் குனிந்து பாருங்கள்.

ஒரு செ.மீ. என்பது கணுக்காலில் ஏறத்தாழ 3.6 பாகை. பத்து செ.மீ. சுற்றி வந்தால் சாதாரணம். ஒன்பதுக்குக் கீழ், அல்லது இரண்டு காலுக்கும் இரண்டு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றரைக்குள் இருந்தால் அது டேப் பிடித்த கையின் பிழையாகவே இருக்கலாம்.

எண்ணைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று இங்கே உண்டு: 'எங்க புடிக்குது?' பின்னால் கெண்டை இழுத்தால் தசை இறுக்கம், நீட்டல் பயிற்சியில் சரியாகும். முன்னால், கணுக்கால் மடிப்பில் கல் இடறுவது போல் நின்றால் மூட்டுக்குள் தடை. பழைய சுளுக்கின் மிச்சம். அதை எத்தனை நீட்டினாலும் விலகாது, பிசியோவிடம் அனுப்புங்கள்.

மூன்று திசை நீட்டல்

இதற்குக் கடையில் விற்கும் கருவி ஒய் பேலன்ஸ் கிட். டேப்பிலேயே செய்துகொள்ளலாம். பின்னால் போகும் இரண்டு கோடுகளுக்கு நடுவே 90 பாகை: அட்டைப்பெட்டி மூலையை வைத்து வரையுங்கள். முன்கோடு அந்த இரண்டிலிருந்தும் சமமாக, 135 பாகையில். ஒவ்வொன்றிலும் செ.மீ. குறியுங்கள்.

ஆட்டக்காரர் வெறுங்காலில், கை இரண்டும் இடுப்பில், பெருவிரல் சந்திப்புப் புள்ளியில். மறுகாலை ஒவ்வொரு கோட்டிலும் எட்டும்வரை நீட்டி, விரல் நுனியால் தரையை வருடிவிட்டு, விழாமல் திரும்ப வேண்டும். நான்கு முதல் ஆறு முறை பழகவிட்டு மூன்று முறை எழுதுங்கள். பழகாமல் எழுதினால் மூன்றாவது முயற்சியில் எண் தானாக ஏறும். அது கற்றுக்கொண்டதால் வந்த ஏற்றம்.

எழுதுகிறவர் தடுமாறுவது பெயரில். வலக்காலில் நின்றால் பின்-வலம் 'வெளி', பின்-இடம் 'உள்'. இடக்காலில் நின்றால் தலைகீழ். நோட்டில் முன், உள், வெளி என்று நிற்கும் காலுக்கேற்ப எழுதுங்கள். திசை மாறினால் முழுப் பக்கமும் வீண்.

கால் நீளத்தை மல்லாக்கப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து கணுக்கால் உள்மொட்டு வரை அளக்க வேண்டும். மூன்று திசைகளையும் கூட்டி, கால் நீளத்தின் மூன்று மடங்கால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். கால் 86 செ.மீ., முன் 60, உள் 95, வெளி 92 என்றால் 247-ஐ 258-ஆல் வகுக்க 95.7 விழுக்காடு.

முன்திசையில் இரு காலுக்கும் 4 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஆபத்து என்பார்கள். அது 2006-இல் வெளிவந்த அமெரிக்க உயர்நிலைப்பள்ளி ஆய்வில் வந்தது. அங்கே அப்படி இருந்தவர்களுக்குக் கால் காயம் இரண்டரை மடங்கு. 94 விழுக்காட்டுக்குக் கீழ் வந்த பெண்களுக்கு ஆறரை மடங்கு. ஆனால் அவர்கள் எல்லோரும் கூடைப்பந்து ஆட்டக்காரர்கள். கால்பந்தில் வந்த முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. நாலு செ.மீ.யை எச்சரிக்கை மணியாகக் கொள்ளலாம், தீர்ப்பாக வேண்டாம்.

முதலில் கணுக்கால் அளவையும் சேர்த்துப் பாருங்கள். முன்திசை குறைவு பெரும்பாலும் நிலைப்புக் குறைவால் வருவதில்லை, கணுக்கால் மடங்காததால் வருகிறது. அவருக்கு ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருந்தால் எண் அசையாது.

கவட்டை

டிஜிட்டல் பிபி கருவி இதற்கு உதவாது. காற்றுப் பந்தும் முள்ளும் உள்ளதுதான் வேண்டும். மல்லாக்கப் படுத்து, முழங்கால் மடக்கி, பாதம் தரையில். பட்டையை மூன்றாக மடித்து, முள் 10 மி.மீ. காட்டும்வரை காற்றடித்து முழங்கால்களுக்கு நடுவில் வையுங்கள். ஐந்து நொடி முழுப்பலத்துடன் நெருக்கட்டும். முள் எட்டிய உச்சத்தை எழுதுங்கள். மூன்று முறை, நடுவே ஒரு நிமிட ஓய்வு.

அடுத்து கால்களை நீட்டிப் படுக்கவைத்து, உங்கள் முன்கையைக் கணுக்கால்களுக்கு நடுவில் கொடுத்து ஐந்து நொடி நெருக்கச் சொல்லுங்கள். வலி பத்துக்கு எவ்வளவு? இரண்டு வரை பச்சை. மூன்று முதல் ஐந்து என்றால் அன்று ஷாட், கிராஸ், சட்டென்று திரும்புவது குறைக்க வேண்டும். ஆறும் அதற்கு மேலும் என்றால் விளையாட்டு இல்லை, பிசியோ. மொத்தப் பட்டியலில் சீசன் நடுவிலும் வாராவாரம் செய்யத்தக்க சோதனை இதுதான், ஆளுக்கு அரை நிமிடம் போதும். ஒருவரின் முள் அவருடைய சொந்த எண்ணிலிருந்து இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினால், அவர் வலி என்று சொல்லாவிட்டாலும் ஷாட் பயிற்சியைக் குறையுங்கள்.

தாவல்

ஒற்றைக்காலில் தாவி அதே காலில் இறங்கி இரண்டு நொடி அசையாமல் நிற்க வேண்டும். குதிகால் இறங்கிய இடம்வரை அளவு. மூன்றில் சிறந்தது. குறைந்த காலை அதிகக் காலால் வகுங்கள்: 150-ஐ 168-ஆல் வகுத்தால் 89 விழுக்காடு. 90-க்குக் கீழ் என்றால் கவனம். ஓட்டை ஒன்று உண்டு: இரண்டு காலும் பலவீனமாக இருந்தால் இந்தக் கணக்கு நூறு காட்டும். செ.மீ.யையும் பக்கத்தில் எழுதுங்கள்.

முன்னாலிருந்து செல்போனில் எடுங்கள். இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சரிகிறவருக்கு இறங்கும் முறையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். பெண்கள் அணியில் இதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். ஏசிஎல் (முழங்காலுக்குள் இருக்கும் தசைநார்) காயம் அவர்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு.

பின்தசையும் கெண்டையும்

60 செ.மீ. உயரப் பெஞ்சில் ஒரு குதிகாலை வைத்து மல்லாக்கப் படுக்கட்டும். முழங்கால் சற்றே மடங்கி, ஏறத்தாழ 20 பாகை. மறுகால் மேலே, கை நெஞ்சில். குதிகாலை அழுத்தி இடுப்பை முழுதாகத் தூக்கி, தரையை லேசாகத் தொட்டு மறுபடி. இடுப்பு முழுதாக எழாவிட்டால் ஒரு எச்சரிக்கை. இரண்டாவது முறை நிறுத்திவிட வேண்டும். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து (இதுவும் வேறு ஆட்டம்) ஆட்டக்காரர்களிடம் எழுந்த வரம்பு: 20 முறைக்குக் கீழ் குறைவு, 25 சராசரி, 30-க்கு மேல் நன்று.

நார்டிக் இறக்கத்தை, அதாவது முழங்காலிட்டு, தோழர் கணுக்காலைப் பிடிக்க, உடம்பை நேராக வைத்து மெல்ல முன்னால் சாய்வதை, சோதனையாக வைப்பவர்களும் உண்டு. 337 நியூட்டன் என்ற புகழ்பெற்ற வரம்பு 2016-இல் ஆஸ்திரேலியத் தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர்களிடம் விசை அளக்கும் கருவியில் எடுத்தது. கருவி இல்லாமல் அந்த எண்ணைப் பேசுவதில் பயன் இல்லை. முதல் தடவை செய்கிறவருக்கு இரண்டு நாள் உட்கார எழ முடியாத வலி வரும். ஆகவே நார்டிக்கைச் சோதனையாக வைக்காமல் பயிற்சியில் சேர்ப்பதே மேல்.

கெண்டைக்கு, ஒற்றைக்காலில் குதிகால் தூக்குவது: 25 முறை எட்டினால் போதும்.

ஓட்டம்

யோ-யோ ஓட்டச் சோதனை, முதல் நிலை: 20 மீட்டர் போய்த் திரும்பி, 10 நொடி நடை, ஒலிக்கேற்ப வேகம் கூடும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்டக் கால்பங்கு குறைவு. கொடைக்கானலும் ஏறத்தாழ அதே கதை. ஆகவே கோயம்புத்தூர் அணிகளின் எண்ணோடு உங்கள் எண்ணை வைத்துப் பார்க்காதீர்கள், கீழே மேட்டுப்பாளையத்தில் எடுத்ததோடும் வேண்டாம். ஒரே கிரவுண்டு, ஒரே கோடு, சரிவுக்குக் குறுக்கே. இது காயத்தைக் கணிக்கும் சோதனையும் அல்ல. ஆட்டத்தின் ஒவ்வொரு பாதியிலும் கடைசி நிமிடங்களில் காயம் கூடுவதால், யாருக்கு மூச்சு சீக்கிரம் தீர்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும்.

உங்கள் கையின் பிழை

மறுநாள் மூன்று பேரை மட்டும் கூப்பிட்டு எல்லாவற்றையும் திரும்ப எடுங்கள். ஒரே நாளில் யாருடைய கணுக்காலும் மாறியிருக்காது; இரண்டு நாள் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கையுடையது. அதைவிடச் சிறிய மாற்றத்தை முன்னேற்றம் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அளக்கும் ஆளையும் சீசன் நடுவில் மாற்றாதீர்கள்.

அளந்த பிறகு

தடுப்புப் பயிற்சி எல்லோருக்கும் பொது. மேலே பார்த்த அந்த 2 பேர் 'தேறியவர்'களிலிருந்துதான் வந்தார்கள். ஃபிஃபா 11 பிளஸ் வார்ம்-அப்: 15 பயிற்சிகள், சுமார் 20 நிமிடம், வாரம் குறைந்தது இரண்டு நாள். ஒழுங்காகச் செய்த அணிகளில் காயம் மூன்றில் ஒன்றளவாவது குறைந்திருக்கிறது. 'ஒழுங்காக' என்பதில்தான் விஷயம்; மழை தூறினால் முதலில் வெட்டுப்படுவது இந்த இருபது நிமிடம்தான்.

நார்டிக் அட்டவணை: முதல் வாரம் ஒரு நாள், 5 முறை வீதம் 2 சுற்று. இரண்டாம் வாரம் இரண்டு நாள், 6 வீதம் 2. மூன்றாம் வாரம் மூன்று நாள், 6 முதல் 8 வீதம் 3. நான்காம் வாரம் மூன்று நாள், 8 முதல் 10 வீதம் 3. ஐந்து முதல் பத்தாம் வாரம் வரை மூன்று சுற்றுக்கு முறையே 12, 10, 8 முறை. அப்புறம் வாரம் ஒரு நாள். இதைச் செய்த அணிகளில் பின்தசைக் காயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. முதல் வாரமே ஆர்வத்தில் மூன்று நாள் போட்டுவிட்டால், வலியில் பாதிப் பேர் இரண்டாம் வாரம் நார்டிக் நாளில் மட்டும் காய்ச்சல் என்பார்கள்.

கவட்டை எண் குறைந்தவருக்கும் பழைய கவட்டைக் காயக்காரருக்கும் கோபன்ஹேகன் பயிற்சி: பக்கவாட்டில் முழங்கையூன்றி, மேல்காலைத் தோழர் பிடிக்க, கீழ்க்காலை மேலே சேர்ப்பது. கணுக்கால் முன்பு சுளுக்கியவருக்கு ஒற்றைக்கால் நிலைப்புப் பயிற்சியோடு, ஆட்டத்தின்போது டேப்போ கணுக்கால் பட்டையோ.

சோதனையில் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. தென்மேற்குப் பருவமழையில் கிரவுண்டு வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும். மழை விட்டதும் தள்ளிப்போட்ட மேட்செல்லாம் பத்து நாளில் வந்து விழும். பயிற்சி நிமிடத்தை, ஆட்டக்காரர் பத்துக்குச் சொல்லும் கடினத்தால் பெருக்கி எழுதி வாருங்கள்: 90 நிமிடம், கடினம் 7 என்றால் 630. மழை வாரங்களில் வாரத்துக்கு மொத்தம் 800-இல் இருந்தவர் திடீரென்று 2,500-க்குத் தாவினால் எந்தக் கணுக்கால் அளவும் அவரைக் காப்பாற்றாது. மழையிலும் ஹாலில் வாரம் மூன்று நாள் தாவலும் குறுக்கோட்டமும் நடக்க வேண்டும்.

எண்களை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். ஒருவரின் பலவீனக் கால் எது என்று எதிரணிக்கும் போய்ச் சேரும். செலக்‌ஷனில் அது தன்மேல் திரும்பும் என்று பயந்தவர் அடுத்த முறை வலியை மறைப்பார்.

எட்டு வாரம் கழித்து மறுசோதனை. அது டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ விழுந்தால் உறைபனி உருகிப் புல் காயும்வரை, பதினோரு மணிவரை, பொறுங்கள். முதல் சோதனையைக் காலை எட்டு மணிக்கு எடுத்திருந்தால் அந்த வித்தியாசத்தையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.